கல்யாணச் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும்

2023 அக்டோபர் 17-ஆம் தேதி தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இனிமே என்ன பண்ணப் போறீங்க?" நானும் என் இணையும் அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே சென்னையில் ஒரே வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். தீர்ப்பு சாதகமாக வந்திருந்தால் அடுத்த வாரமே பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்திருப்போம். வரவில்லை. அதற்காகக் குடும்பம் நின்றுவிடுமா? திருமணப் பதிவு ஒன்று இருந்தால் கணவன் மனைவிக்குத் தானாகவே வந்துவிடுகிற உரிமைகளை, நாங்கள் தனித்தனிக் காகிதங்களாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. சில கிடைத்தன. சில இன்றுவரை கிடைக்கவில்லை. எங்களைப் போல வாழும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி, கணக்குப் பிரிவில் வேலை. அவள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், பள்ளி ஆசிரியை. மதம் வேறு என்பதால், சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் எங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. வழக்கில் வாதமும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் நடந்தது. ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை எந்த இரண்டு பேருக்கும் பொருந்துவதாகப் படிக்கலாமா என்று கேட்டபோது, அது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாமலாவது இணையருக்கு ஓர் அங்கீகாரம், சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை ஆகிய இரண்டிலும் தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கவுலும் எங்கள் பக்கம் நின்றார்கள், மற்ற மூவர் மறுத்தார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9-ல் தள்ளுபடி ஆகிவிட்டன. ஆனால் அதே தீர்ப்பில் நமக்குப் பயன்படும் விஷயங்களும் இருக்கின்றன. நாங்கள் சேர்ந்து வாழ்வதில் யாரும் வன்முறையாகவோ வற்புறுத்தியோ தலையிடக் கூடாது. திருநங்கைகளும் திருநம்பிகளும் எதிர்பாலினத்தவரை இப்போது இருக்கும் சட்டப்படியே மணக்கலாம். இந்த இரண்டாவதை நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-லேயே சொல்லிவிட்டது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, வயதுவந்தவர்களின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொன்னதால் நாங்கள் குற்றவாளிகள் இல்லை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் நாங்கள் ஒருவருக்கொருவர் யாருமில்லை. அது எங்களுக்கு உறைத்தது ஆஸ்பத்திரியில்தான்.

அவளுக்குப் பித்தப்பையில் கல். ராத்திரி வலி தாங்காமல் துடித்தவளை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அட்மிஷன் கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றேன். "ரூம் மேட்டா? சொந்தக்காரங்க யாராச்சும் வரணும் மேடம், பிளட் ரிலேஷன். ஆபரேஷன் கன்சென்ட்ல கையெழுத்துப் போடணும்." முன்பணம் என் கார்டில் போனது. எந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், போன வருடம் எடுத்த ஸ்கேனில் என்ன வந்தது என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கையெழுத்துக்கு மட்டும் நான் ஆள் இல்லை. அவளுடைய அண்ணன் தூத்துக்குடியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து சேரும்வரை அறுவை சிகிச்சை காத்திருந்தது. வந்தவர் படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்க போடணும்?" என்று கேட்டுப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீதான கூடவே இருந்து பாக்கே, இதுக்கு எதுக்கு என்னயக் கூப்புடுதாங்க?" என்றார். அவர் எங்களை ஏற்றுக்கொண்ட மனிதர், அதனால் வந்தார். ஏற்றுக்கொள்ளாத வீடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் பல நாள் தூங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அந்தக் கையெழுத்தை அவளே போட்டிருக்கலாம். வயதுவந்த, சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். 2008-ல் உச்ச நீதிமன்றம் பார்த்த ஒரு வழக்கில், மயக்க மருந்தில் இருந்த திருமணமாகாத பெண்ணுக்காக அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிப் பெரிய அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். பெற்ற தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவமனைகள் உறவினர் கையெழுத்து கேட்பது பெரும்பாலும் தங்கள் பாதுகாப்புக்காகவும் பணத்துக்குப் பொறுப்பு வேண்டும் என்பதற்காகவும்தான். எனவே நோயாளி பேசும் நிலையில் இருந்தால், "நானே கையெழுத்துப் போடுகிறேன், பொறுப்பாளராக இவர் பெயரைப் போடுங்கள்" என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாம் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பேச முடியாத நிலைக்குத்தான் காகிதம். நாங்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கி வைத்திருக்கிறோம். எனக்கு நினைவு தப்பினால் என் சிகிச்சை பற்றி மருத்துவர்களிடம் பேசவும், அறிக்கைகளைப் பார்க்கவும், முடிவெடுக்கவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்க்கவும் இவருக்கு அதிகாரம் தருகிறேன் என்று தெளிவான தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் எனக்குக் கருப்பைக் கட்டி எடுத்தபோது வேறொரு மருத்துவமனையில் இதைக் காட்டினோம். அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்து படித்துப் பார்த்து, ஒரு நகல் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார். மறுபேச்சு இல்லை.

உயிர் காக்கும் கருவிகளை எதுவரை வைத்திருப்பது என்பது பற்றிய முன்கூட்டிய மருத்துவ ஆணை வேறு. அதற்குச் சட்ட பலம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். நமக்குப் பதிலாக முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அதில் குறிப்பிடலாம். நான் முதலில் அவளையும் அடுத்து என் தம்பியையும் எழுதியிருக்கிறேன். குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவர் பெயரையும் சேர்ப்பது நல்லது, நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்டை வராமல் இருக்கும். மனநலச் சிகிச்சைக்கு இன்னும் எளிது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வயதுவந்த யாரையும் நம் பிரதிநிதியாக நியமிக்கலாம். ரத்த உறவு தேவையே இல்லை. இந்த ஒன்றை இன்றைக்கே எழுதிவிடலாம்.

உடலைப் பெறுவது பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. உறவினர் வந்து நின்றால் நிலைமை வேறு. இதற்கு எந்தக் காகிதமும் முழுக் காப்பு இல்லை. அவளுடைய அண்ணனிடமும் என் தம்பியிடமும் நேரில் உட்கார்ந்து, யாருக்கு எங்கே அடக்கம், யாருக்குத் தகனம், யார் முன்னால் நிற்பது என்று பேசி முடித்தோம். கஷ்டமான பேச்சுதான். பேசிய பிறகு நாலு பேர் மனசும் லேசானது.

அடுத்தது வீடு. உறவுமுறை இல்லாத இரண்டு பேருக்குக் கூட்டாக வீட்டுக்கடன் தர நாங்கள் போன வங்கிகள் தயங்கின. அதனால் ஃபிளாட் அவள் பெயரில் இருக்கிறது, தவணையில் பாதி என் சம்பளம். அவள் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அவள் கிறிஸ்தவப் பெண் என்பதால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மணமாகாத, பிள்ளை இல்லாதவர் இறந்தால் தகப்பனார் உயிரோடு இருக்கும் பட்சத்தில் முழுச் சொத்தும் அவருக்கே. தாய்க்குக்கூடப் பங்கில்லை. தகப்பனார் இல்லையென்றால்தான் தாயும் உடன்பிறந்தவர்களும் பகிர்ந்துகொள்வார்கள். இந்துவாகிய என் பெயரில் இருப்பது என் தாய் தகப்பனுக்குப் போகும். இரண்டு சட்டத்திலும் எங்களில் ஒருவருக்கு மற்றவர் வாரிசு கிடையாது. எனவே உயில்தான் ஒரே வழி.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் பதிவு செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. யாராவது வழக்குப் போட்டால் கையெழுத்தும் மனநிலையும்தான் முதலில் கேள்விக்கு வரும். சார்பதிவாளர் முன்னால் போட்டோ எடுத்து, கைரேகை வைத்துப் பதிந்த உயிலைப் போலி என்று சொல்வது எளிதில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் எங்களைவிட வயதில் இளையவர்களாக, உயிலால் எதுவும் பெறாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். உயிலை நிறைவேற்றுபவர் என்று ஒருவரை எழுத வேண்டும், அவர் சட்டம் தெரிந்த நண்பராக இருந்தால் நிம்மதி. சுயநினைவோடு இருக்கிறார் என்று அன்றைக்கே ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி இணைத்தோம். பெற்றவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற காரணமும் ஒரு பத்தி இருக்க வேண்டும். இயல்பான வாரிசுகளை விலக்கிய உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும் என்பதால் அந்தப் பத்தி முக்கியம்.

பத்திர எழுத்தர் அறுபது வயதைத் தாண்டியவர். டைப் அடித்துக்கொண்டே வந்தவர் என் பெயருக்குப் பக்கத்தில் நிறுத்தி, "உறவுமுறை என்னம்மா போடட்டும்? தோழின்னு போட்டா வலு இருக்காது. வளர்ப்புச் சகோதரின்னு போட்டுருவோமா?" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். என் இணை பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் சொல்லும் குரலில், "என்னுடன் ஒரே இல்லத்தில் வாழ்க்கை இணையராக வாழ்ந்துவருபவரும், என்னைப் பராமரித்துவருபவரும், இந்த வீட்டின் கடனில் பாதியைச் செலுத்திவருபவருமான" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்படியே அடித்தார். பொய்யான உறவு எதையும் பத்திரத்தில் ஏற்றாதீர்கள். உயிலில் ஒரு பொய் இருந்தால் மொத்தத்தையும் சந்தேகிக்க அதுவே போதும்.

உயிரோடு இருக்கும்போதே வீட்டை மாற்றிக்கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். குடும்ப உறுப்பினருக்குள் செட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் சலுகைக் கட்டணம். நமக்கு அந்தச் சலுகை இல்லை, சந்தை மதிப்பில் 7 சதவீத முத்திரைத் தீர்வை, அதோடு பதிவுக் கட்டணம். வருமான வரியும் சேரும். கணவன் மனைவிக்குள் எவ்வளவு கொடுத்தாலும் பெறுபவருக்கு வரி இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானம். உயில் மூலம் வருவதற்கு அந்த வரி கிடையாது. பொது அதிகாரப் பத்திரம் எழுதிவைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ அது செத்துவிடும். நமக்கு அது தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்.

வங்கிக் கணக்கு இப்போது பரவாயில்லை. தன்பாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் விளக்கம் வெளியிட்டது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனோம். கிளையில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியவில்லை, தாளைப் படித்ததும் வேலை நடந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், உரிமையாளர் வாரிசுதான். ஆயுள் காப்பீட்டிலும் அப்படியே. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015-ல் திருத்தினார்கள். அந்தப் பட்டியலில் நாம் இல்லை. ஆகவே எல்லா நாமினேஷனுக்கும் பின்னால் உயிலில் ஒரு வரி இருக்க வேண்டும்: கணக்கு, பாலிசி எல்லாவற்றையும் குறிப்பிட்டு, இன்னாருக்கே சேர வேண்டும் என்று.

வருங்கால வைப்பு நிதியில் நான் கணக்குப் பார்க்கிறவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாதவர் யாரை வேண்டுமானாலும் போடலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். விதியைப் படித்தால், நம்மைச் சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பம்தான். குடும்பம் இருக்கும்போது வெளியாளுக்குச் செய்த நியமனம் செல்லாது. பணிக்கொடையும் இதே ரகம். பெற்றோர் நம்மைச் சார்ந்து இல்லாதவர்கள் என்றால் பிரச்சினை இல்லை. சார்ந்தவர்கள் என்றால் அந்தப் பணத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, இணைக்கு வேறு சேமிப்பில் ஈடு செய்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். அம்மாவுக்கு அது கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சேர்ந்து வாழ்வதற்கே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா? 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர்கள் ஒரு குடும்பப் பிணைப்புப் பத்திரம் செய்துகொள்ள வழிவகுக்கலாம் என்று தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். நாங்களே ஒன்றை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கியிருக்கிறோம். வீட்டுச் செலவு, கடன், பிரிய நேர்ந்தால் பங்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. வெளியாட்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் என்றைக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்தாலும், நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதற்கு அது சாட்சி.

அதே நீதிபதிதான் 2021 ஜூன் 7-ல் இரண்டு இளம் பெண்கள் தொடுத்த வழக்கில், தனக்கே இது பற்றிப் புரிதல் போதவில்லை என்று உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை தருவதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எனக்கு இது சொந்த விஷயம். கல்லூரி முடித்த வயதில் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் மாத்திரை கொடுத்தார், "ஆறே மாசத்துல சரியாயிரும், அப்புறம் மாப்பிள்ளை பாருங்க" என்று அப்பாவிடம் உறுதி சொன்னார். நாள் முழுக்கத் தூக்கம், வாய் உலர்ந்து போகும், வேறொன்றும் மாறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் எடுத்தது. என்னைக் கூட்டிப்போனது அதற்கெல்லாம் எத்தனையோ காலம் கழித்து. 2019-ல் ஏறக்குறைய 4.7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளைப் பார்த்த ஆய்வு, இதற்கென்று தனி மரபணு ஒன்று இல்லை, பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் சூழலும் சேர்ந்தது என்று சொன்னது. ஏன் இப்படி என்பதற்கு ஒரு வரிப் பதில் அறிவியலில் இல்லை, மருந்தால் மாறாது என்பதில் சந்தேகமும் இல்லை. இன்றைக்கு எந்த மருத்துவராவது குணப்படுத்துகிறேன் என்றால் மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வீட்டில் அடைத்துவைப்பார்கள் என்று பயந்து எங்களிடம் கேட்கும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். கிளம்பும் முன் ஆதார், மதிப்பெண் சான்றிதழ்கள், பாஸ்புக் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நகையும் வீட்டுப் பணமும் எடுக்காதீர்கள், திருட்டுப் புகார் வரும். வயதுவந்தவள், சுயவிருப்பத்தில் போகிறேன் என்று இரண்டு ஊர்க் காவல் நிலையங்களுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். காணவில்லை என்று புகார் பதிவானால் ஒளிய வேண்டாம், வக்கீலோடு போய் வாக்குமூலம் கொடுங்கள். நம்மவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022-ல் 24-சி என்ற விதி சேர்த்திருக்கிறார்கள், அந்த எண்ணைச் சொன்னாலே பேச்சின் தொனி மாறும். ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு வழக்கு வந்தால், அந்தப் பெண்ணைத் தனியாகப் பேசவிட வேண்டும், மனதை மாற்றும் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் வழிகாட்டியிருக்கிறது. 2025 மே 22-ல் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடியில் இருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தானே தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை நான் போனிலேயே வைத்திருக்கிறேன்.

மதம் எங்கள் இருவருக்குமே முக்கியம். அவள் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. 2023 டிசம்பர் 18-ல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், தன்பாலின இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது. அது திருமணம் போலத் தோன்றக் கூடாது, சடங்கு முறை எதுவும் கூடாது, திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. பலருக்கு அது போதாது. அவளுக்கு அது பெரிது. குடும்பத்துக்குத் தெரிந்த வயதான சாமியார் ஒருவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, கிளம்பும்போது எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் சொன்னார். அவள் அழுதுவிட்டாள். என் பக்கம் இப்படி ஒரே தலைமைப்பீடம் கிடையாது. 2022 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு பெண்களுக்குத் தமிழ்ப் பிராமண முறைப்படி திருமணச் சடங்கு நடந்த படங்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவரை வந்தன. பெரியப்பா கோபப்பட்டார், சித்தி ஒருத்தி என்னைத் தனியாக அழைத்து, "நீயும் இப்படிச் செஞ்சிருக்கலாமே" என்றாள். மம்முட்டி தன்பாலீர்ப்பாளராக நடித்த மலையாளப் படம் 2023-ல் வந்தபோது அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பெரிய நடிகர் செய்ததால் ஊரில் அதைப் பற்றிச் சத்தமாகப் பேச முடிந்தது, அவ்வளவு பலன் அதற்கு உண்டு.

ஆனால் அம்மாவை உண்மையில் மாற்றியது சினிமாவும் இல்லை, நான் காட்டிய ஆராய்ச்சியும் இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா பெரியார் தொண்டர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஐயர் இல்லாமல், மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கியது அந்த வழக்கம். 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி 7-ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் அவை செல்லுபடியாயின, முன்பு நடந்தவையும் சேர்த்து. அந்தப் பிரிவு எந்த இரண்டு இந்துக்களுக்கும் பொருந்தும் என்று தொடங்குகிறது, அடுத்த வரியிலேயே கணவன், மனைவி என்று வந்துவிடுகிறது. இதை நான் சமையலறையில் நின்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "அப்போ நான் பொறக்கும்போது எங்க அம்மைக்கும் அப்பாவுக்கும் சட்டப்படி கல்யாணமே ஆகலியாட்டி?" என்று கேட்டாள். ஆகலை என்றேன். "ஆனா அவங்க புருசன் பொண்டாட்டிதானட்டி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளையும் தீவாளிக்குக் கூட்டிட்டு வா" என்றாள். அன்றிலிருந்து என் இணைக்கு அவள் அத்தை. பெற்றவர்களிடம் பேசப் போகிறவர்களுக்கு என் யோசனை: வெளிநாட்டுப் பட்டியலை முதலில் எடுக்காதீர்கள். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டப்படி திருமணம், நேபாளத்தில் 2023 நவம்பரிலேயே ஒரு பதிவு நடந்துவிட்டது என்பதெல்லாம் நமக்கு நம்பிக்கை தரும், அம்மா அப்பாவுக்குத் தூரத்துச் செய்தி. உங்கள் குடும்பத்திலேயே சாதி மாறியோ, சடங்கை விட்டோ, மறுமணம் செய்தோ ஊர் ஏற்காத கல்யாணத்தை வாழ்ந்துகாட்டிய ஒருவர் இருப்பார். அவரிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

காகிதத்தால் ஆகாதவை இன்னும் நிறைய. அவளுக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டால், மனைவி கொடுப்பதுபோல் நெருங்கிய உறவினராக நான் கொடுக்க முடியாது, அனுமதிக் குழுவின் முன் நிற்க வேண்டும். சேர்ந்து தத்தெடுக்க முடியாது. ஒருவர் தனி நபராக எடுத்தால் மற்றவருக்குக் குழந்தையின் மேல் எந்த உரிமையும் இல்லை, பள்ளி விண்ணப்பத்தில்கூட. எங்களுக்குக் குழந்தை ஆசை இருந்தது. இந்த நிலையில் ஒரு பிள்ளையைக் கொண்டுவர மனம் வரவில்லை. இது காகிதம் எழுதித் தீர்கிற குறை இல்லை, சட்டம்தான் மாற வேண்டும். மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் 2024 ஏப்ரலில் அமைத்த குழு முன்னால் இந்த விஷயங்களை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நான் எழுதுகிறேன்.

வக்கீல் செலவுக்குப் பயந்து உயிலைத் தள்ளிப்போடுபவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசச் சட்ட உதவி உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அந்த வரம்பு கிடையாது. உதவி எண் 15100. போகும்போது இருவரின் ஆதார் நகல், சொத்துப் பத்திர நகல், வங்கி, காப்பீட்டு விவரங்களை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சாட்சிகள் இருவரையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், பதிவு நாளன்று அவர்களும் அடையாள அட்டையோடு வர வேண்டும்.